எனக்கு மட்டும் போட்ட வரம்பு

எண்பதுகளின் பிற்பகுதியில், வில்லியனூரில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்துப் போக வேண்டிய ஒரு சர்க்கரை ஆலையில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் வீடு பாகூரில். அப்பாவுக்குக் கொஞ்சம் நெல், கொஞ்சம் கரும்பு. புதுச்சேரியில் கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்துவிட்டு வந்த என்னை ஊரில் எல்லோரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். மாப்பிள்ளை பார்ப்பதற்குப் பதிலாக இந்தப் பெண் இரண்டு பஸ் மாறி ஆலைக்குப் போகிறாளே என்ற பார்வை. அப்பா அதைப் பொருட்படுத்தவில்லை. காலையில் என்னை சைக்கிளில் பஸ் நிறுத்தத்தில் கொண்டுவந்து விட்டுவிட்டுத்தான் வயலுக்குப் போவார்.

ஆலை அலுவலகத்தில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடுவது. கண்ணாடித் தடுப்புக்குள் ஏ.சி. போட்டு அதை வைத்திருந்தார்கள். வெளியே வரிசையாக, திரையும் விசைப்பலகையும் மட்டும் உள்ள டெர்மினல்கள். நாங்கள் எல்லோரும் அந்த ஒரே இயந்திரத்துக்குள்தான் வேலை பார்த்தோம். கணக்குப் பிரிவு, எடைமேடை, கரும்புப் பிரிவு எல்லாம் ஒரே டிஸ்க்கில். இன்று ஒரு கல்யாண ஆல்பத்துக்குக்கூடப் பத்தாத அளவு டிஸ்க் அது. ஒருவர் அதிகமாக எடுத்துக்கொண்டால் இன்னொருவருக்கு இருக்காது.

என் வேலை கரும்புப் பிரிவில். எந்த ஊரில் யார் எப்போது கரும்பு நட்டார் என்ற பதிவு முழுவதும் என் கையில் இருந்தது. அதிலிருந்துதான் வெட்டு உத்தரவு அச்சாகும். உத்தரவு வந்தால்தான் விவசாயி கரும்பை வெட்டலாம். வெட்டி ஆலைக்குக் கொண்டுவரலாம். வராவிட்டால் கரும்பு வயலிலேயே பூத்துக் காய்ந்து எடை இறங்கும்.

சேர்ந்த புதிதில் ஒரு முறை ஃபைல் ஒன்று கெட்டுப்போய், சில ஊர்கள் சேர்ந்த ஒரு கோட்டத்தின் பதிவு முழுவதையும் திரும்ப அடிக்க வேண்டியதாயிற்று. அதிலிருந்து எனக்கு ஒரு பயம். தினமும் வேலை முடிந்ததும் பதிவு ஃபைலை அப்படியே ஒரு நகல் எடுத்து, தேதி சேர்த்து வைத்துவிடுவேன். பழைய நகலை அழிக்க மனம் வராது. எங்கள் வீட்டில் எதையும் எறிய மாட்டோம், அந்த வளர்ப்பு என்றும் சொல்லலாம்.

அரவை தொடங்கிய சில நாளில் டிஸ்க் நிரம்பிவிட்டது. எடைமேடையில் ரசீது விழவில்லை. வாசலில் இருந்து ரோடு வரைக்கும் லாரியும் டிராக்டரும் நின்றுவிட்டன. கம்ப்யூட்டர் பிரிவுப் பொறுப்பாளர் கண்ணாடி அறைக்குள் ஓடினார். மெட்ராஸ்காரர், நாற்பது வயதிருக்கும். நாங்கள் அவரை சார் என்றுதான் கூப்பிடுவோம். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து என் டெர்மினலுக்குப் பின்னால் நின்றார்.

"என்னம்மா இது, உன் டைரக்டரியில இவ்வளவு சேர்ந்திருக்கு?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்றேன்.

"நகல் சார். ஃபைல் கெட்டுப்போனா வேணும்னு…"

"ஒரு நகல் வச்சுக்கலாம். தினத்துக்கு ஒண்ணா? கிராமத்து வீட்ல பழைய சாக்கெல்லாம் பரண்ல கட்டி வைப்பாங்களே, அந்த மாதிரி இருக்கு. உன்னால வெளியில அத்தனை வண்டி நிக்குது."

கணக்குப் பிரிவு கிளார்க் ஒருவர் சிரித்தார். அவருக்கு எப்போதும் சிரிக்க ஏதாவது வேண்டும். சார் என்னை நகரச் சொல்லிவிட்டு, என் நாற்காலியிலேயே உட்கார்ந்து எல்லா நகலையும் ஒவ்வொன்றாக அழித்தார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவர் தட்டத் தட்ட என் பெட்டியைத் திறந்து உடுப்புகளை நடுக்கூடத்தில் எடுத்துப் போடுவது மாதிரி இருந்தது.

அன்று மாலையே அவர் எனக்கு ஒரு வரம்பு போட்டார். நான் என் பெயரில் கம்ப்யூட்டருக்குள் நுழையும்போது ஓடும் கட்டளைகளில் ஒரு வரி சேர்த்துவிட்டார். அந்த வரியின்படி, நான் உருவாக்கும் எந்த ஃபைலும் ஓர் அளவுக்கு மேல் வளராது. வளரப் பார்த்தால் அந்த இடத்திலேயே எழுதுவது நின்றுவிடும். அதோடு என் ஃபைல்கள் இருக்கும் டைரக்டரி மொத்தமும் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று அளந்து, நான் உள்ளே வந்தவுடன் திரையில் காட்டும்படியும் செய்துவிட்டார். மற்ற யாருக்கும் வரம்பு கிடையாது. தினமும் காலையில் என் திரையில் மட்டும் அந்த எச்சரிக்கை வரும். பக்கத்து டெர்மினலில் இருப்பவர்கள் பார்ப்பார்களே என்று சட்டென்று விசையைத் தட்டித் தள்ளிவிடுவேன். அவர்கள் பார்த்துவிட்டிருப்பார்கள்.

அந்த எச்சரிக்கை வந்த முதல் நாள் வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அம்மா கேட்டார்.

"இன்னாடி, உண்ணாம அளைஞ்சிகிட்டு இருக்க?"

"ஒண்ணும் இல்லம்மா. ஆபீஸ்ல எனக்கு மட்டும் எடத்த கொறச்சிட்டாங்க."

அப்பா கை கழுவப் போனவர் நின்றார். "எடத்தயா? ஒனக்கு மட்டுமா?"

"ஆமாம்பா."

"ஏன், மத்தவங்களுக்கெல்லாம் எடம் கீதா?"

"இருக்கு."

மேலே சொல்ல எனக்குத் தெம்பில்லை. டிஸ்க் என்பது என்ன, ஃபைல் என்பது என்ன என்று அப்பாவுக்கு எங்கிருந்து தொடங்குவது? தொடங்கினால், பழைய சாக்கு என்று சார் சொன்னது வரைக்கும் வரவேண்டும். அப்பா அதற்கு மேல் கேட்கவில்லை. அவர் கேட்காமல் போனால் யோசிக்கிறார் என்று அர்த்தம். அது அன்றைக்கு எனக்கு ஞாபகம் வரவில்லை.

ஒரு வாரம் போயிருக்கும். மதியம் சாப்பாட்டுக்கு முன்னால் வாட்ச்மேன் வந்து, "பாப்பா, ஒங்கப்பா வந்திருக்காரு" என்றார். வெளியே போனேன். பாகூர்க்காரர் ஒருவரின் டிராக்டர் எடைமேடைக்குப் போகும் வழியில் அலுவலக வாசலில் நின்றிருந்தது. கரும்புச் சுமைக்கு மேலே கயிறு போட்டுக் கட்டியிருந்தது என் மேசை. நான் டிப்ளமோ படிக்கும்போது அப்பா ஊர் ஆசாரியிடம் சொல்லிச் செய்து கொடுத்த வேப்பமர மேசை. ஒரு காலில் நான் பேனாவால் கிறுக்கியதுகூட அழியாமல் இருந்தது. இரண்டு ஆட்கள் அதை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அப்பா வெளுத்த வேட்டி கட்டி, துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்திருந்தார்.

"அப்பா, இன்னாப்பா இது?"

"நீ செத்த சும்மா இரு. ஒங்க பெரியவரு யாரு?"

அதற்குள் சத்தம் கேட்டு சாரே வெளியே வந்துவிட்டார். அலுவலக ஜன்னலில் தலைகள் கூடின. அப்பா சாரைப் பார்த்துக் கும்பிட்டார்.

"ஐயா, நான் பாகூரு. இந்தப் பொண்ணோட தகப்பன். வூட்ல வந்து எடம் பத்தலன்னு சொல்லிச்சு. ஒங்க மேல கொற சொல்ல வரல. ஆபீஸ்னா நெருக்கடி இருக்கத்தான் செய்யும். மேரில போயி பாத்திருக்கேன், அங்கயும் ரெண்டு பேரு ஒரு மேசைலதான் எழுதுறாங்க. அதான் மேச ஒண்ணு கொண்டாந்தேன். ஒரு மூலைல போட்டா போதும். யாருக்கும் எடஞ்சல் இல்லாம பொண்ணு பாட்டுக்கு ஒக்காந்து வேல செய்யும்."

கம்யூன் அலுவலகத்தை எங்கள் பக்கம் பெரியவர்கள் அப்போதும் மேரி என்றுதான் சொல்வார்கள். பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன சொல். ஜன்னலில் யாரோ அதை அப்பாவைப் போலவே சொல்லிக்காட்டிச் சிரித்தது எனக்குக் கேட்டது. அப்பாவுக்கும் கேட்டிருக்கும்.

சார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அந்த நேரத்தில், "அப்பா, அது அந்த இடம் இல்லப்பா" என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மேசை திரும்ப டிராக்டரில் ஏறியிருக்கும். சொன்னால் அத்தனை பேருக்கு முன்னால் அவருக்கு ஒன்றும் தெரியாது என்று ஆகிவிடும். சொல்லாவிட்டாலும் அதேதான் ஆகிக்கொண்டிருந்தது.

சார் மேசையின் மேல் கை வைத்துத் தடவிப் பார்த்தார். "நல்ல மரம்ங்க. போட்டுக்கலாம். உள்ள வாங்க, டீ சாப்பிட்டுப் போலாம்."

"இல்லீங்க ஐயா, டிராக்டரு நிக்குது. பொண்ண பாத்துக்குங்க." மறுபடியும் கும்பிட்டுவிட்டு, என்னிடம், "இனிமே நல்லா ஒக்காந்து எழுது" என்று சொல்லி ஏறிப் போய்விட்டார்.

பிறகு சார் என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார். "வீட்ல என்னன்னு சொன்ன?"

"இடம்னு சொன்னேன் சார்."

அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். மேசையை அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் போடச் சொன்னார். காகிதக் கட்டுகளை அடுக்கி வைக்க அது உதவியது. ஆனால் கணக்குப் பிரிவு கிளார்க் அதோடு விடவில்லை. போகும்போதும் வரும்போதும், "பாகூர் மேசை" என்பார். யாராவது இடமில்லை என்று எதைப் பற்றிச் சொன்னாலும், "வூட்லருந்து கொண்டாரச் சொல்லு" என்பார். நான் கேட்காதது மாதிரி அடித்துக்கொண்டிருப்பேன். எழுத்து தப்பும்.

அரவை மும்முரமானது. புதிது புதிதாக ஊர்களை வெட்டுக்குத் திறந்துவிட்டார்கள். வெட்டு உத்தரவு அச்சடிக்கும் நிரலை நான்தான் ஓட்டுவேன். அது முதலில் எல்லா உத்தரவையும் ஒரு ஃபைலில் எழுதி, பிறகு அச்சுக்கு அனுப்பும். ஊர்ப்பெயர் ஆங்கில எழுத்து வரிசைப்படி போகும். பாகூர் ஆங்கிலத்தில் 'பி'யில் (B) தொடங்குவதால் மேலேயே வந்துவிடும். வில்லியனூர்ப் பக்கத்து ஊர்களில் பல 'வி'யில் கடைசியில் நிற்கும். ஒருநாள் ஓட்டினேன். வேலை முடிந்தது என்று திரையில் வந்தது. அச்சானதைக் கட்டுக்கட்டாகக் களப்பணியாளர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். அத்தனை தாளையும் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

அடுத்த வாரம் காலையில் விவசாயிகள் கூட்டமாக வந்தார்கள். எல்லோரும் வில்லியனூர்ப் பக்கத்து ஆட்கள். முன்னால் வந்தவர் என் அப்பா வயதுதான் இருப்பார். வெயிலில் கறுத்த முகம். கையில் ஒரு காய்ந்த தோகை.

"எங்க ஊருக்கு ஒருத்தனுக்கும் உத்தரவு வரல. கேட்டா வரும் வரும்னாங்க. கரும்பு பூத்துப் போச்சு. பாகூரு பக்கம் மட்டும் கொத்து கொத்தா போயிருக்கு. அது இன்னா நாயம்?"

கரும்பு அதிகாரி என்னைக் கூப்பிட்டார். நான் போய் நின்றேன். அந்தப் பெரியவர் என்னைப் பார்த்து, "இந்தப் பொண்ணு எந்த ஊரு?" என்றார். பின்னாலிருந்து கணக்குப் பிரிவு கிளார்க்கின் குரல் வந்தது. "பாகூருதான். அவங்கப்பா மேசையெல்லாம் கொண்டாந்து போட்டிருக்காரே, பாக்கலையா?"

அவர் விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பார். அவருக்கு எல்லாமே விளையாட்டு. ஆனால் கூட்டம் அச்சு இயந்திரத்துப் பக்கம் திரும்பி அந்த மேசையைப் பார்த்தது. அந்தப் பெரியவர் நிதானமாகக் கேட்டார்.

"அப்போ மேச குடுத்தாதான் உத்தரவா? எங்க கிட்ட சொல்லியிருந்தா நாங்களும் ஆளுக்கு ஒண்ணு கொண்டாந்திருப்போமே."

மேசையின் மேல் இருந்த காகிதக் கட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். ஆனால் உத்தரவு ஏன் வரவில்லை என்பது எனக்கும் தெரியாது.

சார் என்னை அழைத்துக்கொண்டு கண்ணாடி அறைக்குள் போனார். உத்தரவு ஃபைலைத் திறந்து கடைசிக்குப் போனார். ஒரு விவசாயியின் பெயர் பாதி எழுத்தோடு அறுந்து நின்றது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. அளவைப் பார்த்தார். எனக்கு அவர் போட்ட வரம்பு எவ்வளவோ, அதே அளவு. ஓர் எழுத்து கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

நான் தொடங்கும் எந்த நிரலுக்கும் என் வரம்புதான் ஒட்டிக்கொள்ளும். உத்தரவு நிரலை ஓட்டியது நான். ஃபைல் அந்த அளவைத் தொட்டதும் யூனிக்ஸ் எழுத மறுத்துவிட்டது. நிரலை எழுதியவர் அப்படி ஒரு மறுப்பு வரும் என்றே நினைத்திருக்கவில்லை போலிருக்கிறது. அது மறுப்பைக் கவனிக்காமல் வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டது. ஊர்கள் குறைவாக இருந்தவரை ஃபைல் வரம்புக்குள் அடங்கியது. கூடியதும் கடைசி ஊர்கள் அறுந்து விழுந்துவிட்டன.

சார் எனக்காகச் சேர்த்த வரியைத் திரையில் திறந்து பார்த்தார். பிறகு, "நான் போட்ட வரிதான்" என்றார். என்னைப் பார்த்துச் சொன்னதாகத் தெரியவில்லை.

அவர் வெளியே போய் மேனேஜர் முன்னால், விவசாயிகள் முன்னால், தவறு தன்னுடையது, இந்தப் பெண்ணுடையது இல்லை என்று சொன்னார். மேனேஜர் அவரை அங்கேயே நிறுத்தி வைத்து, வாயில் வந்ததெல்லாம் சொன்னார். என்னைத் திட்டியபோது எனக்கு இருந்ததைவிட அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அதிகமாகக் கூசியது. எனக்கு வரம்பு போட்டவர் அவமானப்பட்டால் எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று முன்பு நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை.

விவசாயிகள் அதை நம்பவில்லை. அந்தப் பெரியவர் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது. "மிஷினு ஓடும், இல்ல ஓடாது. அது எப்டிங்க எங்க ஊரு வந்ததும் நின்னுப்போவும்?"

அன்றே வரம்பை எடுத்துவிட்டு விடுபட்ட உத்தரவுகளை அச்சடித்துக் கொடுத்தோம். ஆனால் பேச்சு எங்களைவிட வேகமாகப் பாகூருக்குப் போய்விட்டது. டிராக்டர்க்காரர்களுக்குத் தெரியாத சேதி உண்டா? சாயங்காலம் நான் பஸ்ஸில் இறங்கியபோது அப்பா சைக்கிளோடு நின்றிருந்தார். வழியில் டீக்கடையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அப்பா ஏறி மிதிக்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார். ஏரிக்கரை வந்ததும் கேட்டார்.

"அந்த எடம் இன்னா எடம்?"

இப்போது சொன்னேன். ஒரு பெட்டிக்குள் தட்டு மாதிரி ஒன்று சுற்றும், நாங்கள் அடிப்பதெல்லாம் அதில்தான் எழுதப்படும், அதில் ஆளுக்கு எவ்வளவு என்று ஓர் அளவு. எனக்கு மட்டும் அதைக் குறைத்திருந்தார்கள். பழைய சாக்கு என்று சொன்னதையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார்.

"அப்போ நீ மேச கேக்கல."

"இல்லப்பா."

"அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா எறக்கியே இருக்க மாட்டனே." கோபமில்லாமல்தான் சொன்னார். கொஞ்ச தூரம் போன பிறகு, "எல்லாரும் சிரிச்சாங்களா?" என்றார்.

நான் சைக்கிள் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஏரியைப் பார்த்தபடி நடந்தேன். அதுவே பதிலாகிவிட்டது.

எங்கள் கரும்புக்கு உத்தரவு, வில்லியனூர்ப் பக்கம் விடுபட்டுப்போன அந்தப் பட்டுவாடாவிலேயே வந்திருந்தது. வெட்டு ஆட்கள் வந்தபோது அப்பா அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். வில்லியனூர்ப் பக்கம் வெட்டிவிட்டுப் பிறகு வாருங்கள் என்று சொன்னாராம். அம்மாதான் எனக்குச் சொன்னார், அழுதுகொண்டே. நான் அப்பாவிடம் போய், இதில் நம் தப்பு ஒன்றுமில்லையே, சார் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாரே என்றேன்.

"தப்பு இல்லன்னு எனக்கும் தெரியும். கரும்பு நிக்கட்டும். அவங்களுது போனப்புறம் போனா யாரும் வாய தொறக்க மாட்டாங்க."

ஆட்கள் திரும்பி வர நாளாயிற்று. எங்கள் கரும்பு வெள்ளையாகப் பூத்து நின்றது. பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியே அது தெரியும். வழக்கமாக அந்தப் பக்கம் உட்காருபவள் மறுபக்கம் போய் உட்கார ஆரம்பித்தேன். அந்த வருஷம் வெட்டியபோது கரும்பு சக்கையாகத்தான் இருந்தது.

அலுவலகத்தில் சார் முறையை மாற்றினார். உத்தரவு நிரலுக்குத் தனியாக ஒரு பெயரில் உள்ளே நுழையும் வழி செய்து, அதற்கு வரம்பில்லாமல் வைத்தார். மற்றபடி எல்லோருக்கும் ஒரே அளவு, அவருக்கும் சேர்த்து. ஒருவர் அந்த அளவைத் தாண்டினால் முதலில் எச்சரிக்கை, பிறகு அழிக்கச் சில நாள் தவணை, அதற்குப் பிறகுதான் தடை. அதைக் கவனிக்கும் பொறுப்பை என்னிடமே கொடுத்தார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் பயன்படுத்தவில்லை. இதுதான் அது என்று எடுத்துக்கொண்டேன்.

யாருக்காவது இடம் தாண்டினால் நான் அவர்கள் டெர்மினல் வரைக்கும் போக மாட்டேன். சாப்பாட்டு நேரத்திலோ, கை கழுவும் குழாயடியிலோ, பக்கத்தில் ஆளில்லாதபோது மெல்லச் சொல்வேன். கணக்குப் பிரிவு கிளார்க்குக்கும் அப்படித்தான் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. "எல்லார்கிட்டயும் சொல்லிட்டியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் விளையாட்டுப் பேச்சு பேசவில்லை.

அடுத்த அரவையில் ஒருநாள் எடைமேடை டெர்மினல் வேலை செய்யவில்லை என்று கூப்பிட்டார்கள். வெயிலில் நடந்து போனேன். வரிசையில் நின்ற டிராக்டர் ஒன்றில் எங்கள் கரும்பு இருந்தது. கட்டிய விதத்திலேயே தெரிந்துவிட்டது. அப்பா பின்சக்கரத்தின் பக்கத்தில் நின்றிருந்தார். அவருக்கு முன்னும் பின்னும் வில்லியனூர்ப் பக்கத்து வண்டிகள். நான் வருவதை அவர் பார்த்தார். நான் சிரிக்கப் போனேன். அவர் குனிந்து, சக்கரத்தில் ஏதோ சிக்கியிருப்பதைப் பார்ப்பவர் போல முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். என்னைத் தெரிந்தவர் என்று யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நினைத்திருக்கிறார்.

நானும் யாரோ ஒருவரைக் கடப்பது போல அவரைக் கடந்து எடைமேடை அறைக்குள் போனேன். டெர்மினலின் கம்பிதான் கழன்றிருந்தது. சொருகிவிட்டு, அவர் வண்டி எடைமேடையில் ஏறி இறங்கும்வரை ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.